ஆசிரியர் உருவாகும் இடத்தில் எல்லோருக்கும் இடம்



சில வருடங்களுக்கு முன்னர் ஒரு நாள் மத்தியான வெயிலில் ஒரு தாய் என்னைத் தேடி அலுவலகத்துக்கு வந்தார். கையில் நான்காக மடித்த கடிதம். மகள் தேசிய கல்வியியற் கல்லூரிக்குத் தெரிவாகியிருக்கிறாள் என்ற கடிதம் அது. வன்னியில் ஒரு மீள்குடியேற்றக் கிராமத்தில், ஆடு வளர்த்தும் பாய் இழைத்தும் தனியாகப் பிள்ளைகளை வளர்த்த தாய் அவர். சந்தோசமாக வந்திருப்பார் என்று நினைத்தேன். முகத்தில் சந்தோசம் இல்லை.

“கடிதம் வந்திட்டுது மிஸ். ஆனா விடுற யோசினை இல்லை. வகுப்பெல்லாம் மேல்மாடியிலயாம். இந்தக் காலோட ஒரு நாளைக்கு எத்தினை தரம் ஏறி இறங்குவாள்? ரெண்டு வருசம் அங்க நிண்டு மற்றப் பிள்ளையளுக்கு வேடிக்கை காட்டுறதுக்கே நான் இவளைப் படிப்பிச்சனான்?”

மகள் 2009ஆம் ஆண்டு, தனது ஒன்பதாவது வயதில், ஷெல் வீச்சில் வலது காலை முழங்காலுக்குக் கீழ் இழந்தவள். செயற்கைக் காலுடன் பாடசாலைக்கு நடந்து, க.பொ.த. உயர்தரத்தில் சித்தியடைந்து, தன் பெறுபேற்றாலேயே தெரிவானவள். யாரும் அவளுக்குச் சலுகை கொடுக்கவில்லை. “அம்மா, நான் போறன்” என்று மட்டும் சொல்லிவிட்டு நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அன்று நான் அந்தத் தாயைச் சமாதானப்படுத்தி அனுப்பினேன். “அனுமதி கிடைத்தது பெரிய காரியம் அம்மா, மற்றதெல்லாம் அங்கே பார்த்துக்கொள்வார்கள்” என்றேன். அனுமதிக் கடிதத்துக்கும் அந்த இடத்தில் மனிதராக வாழ்வதற்கும் இடையில் எவ்வளவு தூரம் இருக்கிறது என்பதை அந்தப் பிள்ளையிடமிருந்துதான் பின்னர் கற்றுக்கொண்டேன். இம்மாதம் அதைப்பற்றியே உங்களுடன் பேச விரும்புகின்றேன்.

ஏன் கல்வியியற் கல்லூரி?

1986ஆம் ஆண்டின் 30ஆம் இலக்கக் கல்வியியற் கல்லூரிகள் சட்டத்தின் கீழ் உருவானவையே இக்கல்லூரிகள். யாழ்ப்பாணம், வவுனியா, மட்டக்களப்பு, அட்டாளைச்சேனை, மலையகத்தில் ஸ்ரீபாத, தெற்கில் தர்காநகர் எனத் தமிழ் பேசும் பிள்ளைகள் பலர் பயிலும் கல்லூரிகளும் அவற்றுள் அடங்கும். இரண்டு வருடம் விடுதியில் தங்கிக் கற்க வேண்டும். மூன்றாவது வருடம் ஒரு பாடசாலையில் கட்டுறு பயில்வு. அதன்பின் டிப்ளோமாவுடன் ஆசிரிய நியமனம். பல்கலைக்கழகம் கிடைக்காத, தனியார் படிப்புக்குப் பணம் இல்லாத எங்கள் வீட்டுப் பெண் பிள்ளைகளுக்கு நிரந்தரச் சம்பளத்துக்கான வழிகளில் இது முக்கியமானது.

ஆனால் இன்னொரு காரணமும் உண்டு. இங்கே உருவாகிறவர் ஆசிரியர். வருடத்துக்கு முப்பது பிள்ளைகள் என்று வைத்தாலும் முப்பது வருட சேவையில் தொள்ளாயிரம் பிள்ளைகள் அவர் கையால் கடந்து போவார்கள். கல்லூரி விடுதியில் “இவள் எங்கட ஆள், அவள் வேற ஆள்” என்று பிரித்துப் பார்க்கப் பழகியவர் வகுப்பறையிலும் பிரித்துத்தான் பார்ப்பார். நாளைக்கு அந்த வகுப்பில் பின்வாங்கில் இருக்கப்போவது உங்கள் பிள்ளையாகவும் இருக்கலாம்.

சமத்துவமும் ஒப்புரவும்

சமூகவியல் படித்த நாட்களில் பல்வகைமை, ஒப்புரவு, உட்படுத்தல் என்ற சொற்களைப் பரீட்சைக்காக மனனம் செய்தேன். அவற்றின் பொருளை இடம்பெயர்ந்து வாழ்ந்த உங்களுக்கு நான் விளங்கப்படுத்தத் தேவையில்லை.

முகாமில் ஒரு கூடாரத்துக்கு நான்கு வாளி தண்ணீர் என்று அளந்து கொடுத்தால் அது சமத்துவம். ஒரு கூடாரத்தில் மூன்று பேர், மற்றதில் பத்துப் பேர், அதில் ஒருத்தி பிள்ளை பெற்று ஐந்து நாள். ஆளையும் தேவையையும் பார்த்து அளந்தால் அது ஒப்புரவு. வரிசையில் வந்து நிற்க முடியாதவரின் கூடாரம் எது என்று முதலிலேயே கேட்டு வைத்துக்கொள்வது உட்படுத்தல். வரிசையில் நிற்பவர்கள் ஒரே மாதிரியானவர்கள் இல்லை என்று ஒப்புக்கொள்வது பல்வகைமையை மதித்தல்.

இந்த அளவுகோலைக் கல்லூரி வாசலுக்குக் கொண்டு போவோம்.

மேல்மாடி வகுப்பு

நான் குறிப்பிட்ட பிள்ளை கல்லூரிக்குப் போய் மூன்று கிழமையில் ஒரு நாள் தொலைபேசியில் அழைத்தாள். செயற்கைக் கால் அணிபவர்களுக்குத் தெரியும்: வெயிலுக்கும் வியர்வைக்கும் காலின் அடிமுனை புண்ணாகும். படியேறினால் இன்னும் உரசும். புண் வந்தால் சில நாட்களுக்குக் காலைக் கழற்றி வைக்கத்தான் வேண்டும். நாளுக்கு நான்கு தரம் மாடி ஏறி இறங்கியதில் அவளுக்குப் புண் வந்துவிட்டது. விடுதிக் கழிப்பறைகள் குந்தி இருப்பவை. குளிப்பது திறந்த தொட்டியில், எல்லோருடனும். காலைக் கழற்றி வைத்துவிட்டு ஈரச் சீமெந்தில் ஒற்றைக் காலில் நிற்கக் கூச்சமும் பயமும். விடியற்காலை நான்கு மணிக்கு, யாரும் எழும்புமுன் குளித்து வந்திருக்கிறாள்.

நானும் எங்கள் நிறுவனத்தினரும் உடனே போனோம். என்ன செய்தோம் தெரியுமா? கல்லூரி மண்டபத்தில் ஒரு சிறு நிகழ்வு வைத்து, அவளையும் வறிய குடும்பங்களைச் சேர்ந்த இன்னும் சிலரையும் மேடைக்கு அழைத்து, குடை, சவுக்காரம், துவாய், கொப்பிகள் அடங்கிய பொதியைக் கொடுத்தோம். படமும் எடுத்தோம். நல்ல காரியம் செய்த திருப்தியுடன் நான் வெளியே வந்தபோது அவள் பின்னால் வந்தாள்.

“அக்கா, இனி என்னை மேடைக்குக் கூப்பிடாதேங்கோ. எனக்குக் குடையும் சவுக்காரமும் வேண்டாம். அந்த வகுப்பைக் கீழ இறக்கித் தரச் சொல்லுங்கோ.”

சமூகப் பணியில் இருக்கிற எனக்கு அந்த ஒரு வார்த்தை போதுமானதாக இருந்தது. அவள் கேட்டது ஒரு வகுப்பறை. நான் கொடுத்தது ஒரு காட்சி. அதுவரை அவளுடைய காலைக் கவனிக்காத பிள்ளைகளும் மேடையில் கவனித்துவிட்டார்கள்.

நிர்வாகத்திடம் பேசினோம். முதலில் கிடைத்த பதில், “எல்லாருக்கும் ஒரே நேரசூசிதான். ஒராளுக்காக மாற்றினால் நாளைக்கு ஒவ்வொராளும் வந்து கேட்பினம்” என்பது. அதைச் சொன்னவர் கெட்டவர் அல்லர். எல்லோரையும் ஒரே மாதிரி நடத்துவதுதான் நீதி என்று உண்மையாகவே நம்பியவர். கடைசியில் ஒரு விரிவுரையாளர், கீழ்த்தளத்தில் நடந்த வேறொரு பாடநெறியின் வகுப்புடன் தன் வகுப்பை மாற்றிக்கொண்டார். ஒரு சதமும் செலவில்லை. கீழ்த்தளத்து அறையொன்றில் அவளுக்குக் கட்டில், ஒரு கழிப்பறையில் கொமட்டும் சுவரில் இரும்புக் கைபிடியும், குளிக்கும் இடத்தில் ஒரு மறைப்பும் பிளாஸ்ரிக் கதிரையும். அவ்வளவுதான். நாளைக்கு வந்து கேட்பார்கள் என்று பயந்தது போல ஒருவர் வந்து கேட்டதும் உண்மை. முதுகுவலியால் அவதிப்பட்ட ஒரு விரிவுரையாளர், அந்தக் கொமட்டைத் தானும் பாவிக்கலாமா என்று கேட்டார்.

பேந்து, மறுகா, அப்புறம்

புறத்தடைகளைக் கொத்தனாரைக் கூப்பிட்டுத் திருத்திவிடலாம். மனத்தடைகள் அப்படியல்ல.

அதே கல்லூரியில் கிளிநொச்சியிலிருந்து வந்த இன்னொரு பிள்ளை படித்தாள். 1977, 1983 வன்செயல்களின்போது மலையகத்திலிருந்து உயிர் தப்பி வன்னிக்கு வந்து காடு வெட்டிக் குடியேறிய குடும்பங்களில் ஒன்று அவளுடையது. அவள் பிறந்தது வன்னியில். இறுதி யுத்தத்தில் எல்லோருடனும் சேர்ந்து இடம்பெயர்ந்தவள். தமையனைப் பறிகொடுத்தவள். ஆயினும் விடுதியில் அவள் வாய் திறந்து “வாங்க, உட்காருங்க” என்றால் ஒரு மூலையில் சிரிப்பு. “தோட்டக்காடு” என்ற சொல் காதில் விழும்படி சொல்லப்பட்டது. “ஊர் எது, ஊருக்குள்ளை எந்தப் பக்கம்” என்ற கேள்வி மீண்டும் மீண்டும் கேட்கப்பட்டது. அந்தக் கேள்விக்குள் வேறொரு கேள்வி ஒளிந்திருக்கிறது என்பதை எங்கள் எல்லோருக்கும் தெரியும். யுத்தத்தில் பதுங்குகுழிக்குள் ஒன்றாகக் கிடந்தபோது யாரும் யாருடைய சாதியையும் கேட்கவில்லை. விடுதிக்கு வந்ததும் கேட்கத் தொடங்கிவிட்டோம்.

அந்தப் பிள்ளை மெல்ல மெல்ல வகுப்பில் பேசுவதையே நிறுத்திவிட்டாள். பேசாத ஒருவர் எப்படி ஆசிரியராவது? கற்பித்தல் பயிற்சியின்போது புள்ளி குறைந்தது. வீட்டுக்குப் போய்விடுகிறேன் என்று பெட்டி கட்டிய நாளும் உண்டு.

அவளைத் தடுத்து நிறுத்தியது ஒரு தமிழ் வகுப்பு. விரிவுரையாளர் கரும்பலகையில் மூன்று சொற்களை எழுதினார்: பேந்து, மறுகா, அப்புறம். யாழ்ப்பாணத்தில் ஒன்று, மட்டக்களப்பில் ஒன்று, மலையகத்தில் ஒன்று. மூன்றுக்கும் பொருள் ஒன்றே. “முதலாம் தரத்தில் மூன்று பிள்ளைகள் இந்த மூன்று சொல்லையும் சொல்லுகினம். நீங்கள் எந்தப் பிள்ளையைப் பிழை எண்டு சொல்லி வாயை மூடப் பண்ணுவீங்கள்?” என்று கேட்டார். வகுப்பு அமைதியானது. பிறகு ஒவ்வொருவரும் தத்தம் வீட்டுச் சொற்களைக் கொண்டுவந்து ஒரு பெரிய அட்டையில் எழுதினார்கள். அந்தப் பிள்ளை எழுதிய சொற்கள் ஒரு முழுப் பத்தியாக இருந்தன. சிரித்தவர்கள் எல்லோரும் அன்றோடு திருந்திவிட்டார்கள் என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் அவள் பெட்டியை அவிழ்த்து வைத்தாள்.

நோன்புக் காலத்து விடுதி

மூன்றாவது பிள்ளை முஸ்லிம். 1990 ஒக்ரோபரில் வடக்கிலிருந்த முஸ்லிம் மக்களை விடுதலைப் புலிகள் வெளியேற்றியபோது புத்தளத்துக்குப் போய், ஓலைக் கொட்டிலில் வாழ்ந்த குடும்பத்தின் பிள்ளை. மீளக் குடியேறிய பின் இங்கே விண்ணப்பித்தவள். இடம்பெயர்வு என்றால் என்ன என்பது அவளுடைய உம்மாவுக்கும் தெரியும், உங்களுக்கும் தெரியும். இருந்தும் 2019 ஏப்ரல் 21 குண்டுத் தாக்குதல்களின் பின்னர் முக்காட்டைக் கண்டாலே ஒதுங்கும் வழக்கம் பல இடங்களில் வந்துவிட்டது. எந்தக் குற்றமும் செய்யாத பிள்ளைகள் அந்தப் பார்வையைச் சுமந்தார்கள். அவளும் சுமந்தாள்.

நோன்பு மாதத்தில் சஹர் சாப்பாடு விடியுமுன் வேண்டும். விடுதிச் சமையலறை திறப்பது காலையில். முதல் சில நாட்கள் முதல்நாள் பாணைத் தண்ணீரில் தோய்த்துச் சாப்பிட்டு நோன்பு பிடித்திருக்கிறாள். இதை முதலில் கவனித்தவள் யார் என்று நினைக்கிறீர்கள்? விடியற்காலை நான்கு மணிக்கு எழும்பிக் குளித்துப் பழகிய, ஒற்றைக் காலை இழந்த அந்தப் பிள்ளைதான். அவள் விடுதிப் பொறுப்பாளரிடம் கதைத்தாள். இரவுச் சோற்றில் ஒரு பங்கை மூடி வைக்கவும், சுடுதண்ணீர்ப் போத்தல் ஒன்று தரவும் ஏற்பாடாயிற்று. ஒரு தேவையை உணர்ந்தவருக்கு மற்றவரின் தேவை கண்ணில் படுகிறது. ஆனால் அந்தப் பொறுப்பைப் பாதிக்கப்பட்டவர்களின் தலையில் மட்டும் போடுவது நியாயமில்லை. முதல்நாள் பதிவின்போதே “உங்களுக்கு இங்கு தங்கிப் படிக்க என்ன தேவை?” என்று எல்லோரிடமும் ஒரு கேள்வி கேட்டிருந்தால் மூன்று பிள்ளைகளும் இவ்வளவு தனிமைப்பட்டிருக்க மாட்டார்கள்.

அதற்குப் பதிலாக அன்று கேட்கப்பட்ட கேள்வி என்ன? ஒவ்வொருவரும் எழுந்து நின்று பெயர், ஊர், தந்தையின் தொழில் சொல்ல வேண்டும். தந்தையை இழந்தவர்களும், தந்தை காணாமல் ஆக்கப்பட்டவர்களும் நிறைந்த மண்ணில் இந்தக் கேள்வி. “அப்பா இருக்கிறாரா, இல்லையா?” என்பதற்கே பதில் தெரியாமல் காத்திருக்கும் வீட்டுப் பிள்ளை என்ன சொல்லும்? இந்தக் கேள்வியை விட்டுவிட்டால் கல்லூரிக்கு எந்த நட்டமும் வரப்போவதில்லை.

இது புதிய கதையல்ல

“உட்படுத்தல், ஒப்புரவு எல்லாம் வெளிநாட்டுக்காரர் கொண்டுவந்த கதை” என்று சிலர் சொல்வதுண்டு. நூறு வருடங்களுக்கு முன்னரே யாழ்ப்பாணத்தில் சம ஆசனம், சம போசனம் என்ற கோரிக்கைகள் எழுந்தன. ஒடுக்கப்பட்ட சாதிப் பிள்ளைகள் மற்றவர்களோடு ஒரே வாங்கில் இருக்கவும், ஒரே பந்தியில் உண்ணவும் வேண்டும் என்பதே அக்கோரிக்கை. 1924இல் உருவான யாழ்ப்பாண வாலிபர் காங்கிரஸ் இதற்காகக் குரல் கொடுத்தது. கடும் எதிர்ப்பு எழுந்தது. பாடசாலைகளுக்குத் தீ வைக்கப்பட்ட சம்பவங்களும் உண்டு. ஆயினும் வாங்கு பொதுவாயிற்று.

மலையகத்தில், கொட்டகலைக்கு அருகே பத்தனையில் அமைந்த ஸ்ரீபாத கல்லூரியும் ஒரு பாடம். தோட்டப் பாடசாலைகளில் பயிற்சி பெற்ற ஆசிரியர்கள் போதாதிருந்தமையால், 1990களின் முற்பகுதியில் ஜேர்மன் நாட்டின் உதவியுடன் அக்கல்லூரி அமைக்கப்பட்டது. பின்தங்க வைக்கப்பட்டவர்களுக்கு அருகே கல்லூரியைக் கொண்டு போனதால் தோட்டத்துப் பிள்ளைகள் பலர் ஆசிரியர்களாகினர். ஒப்புரவு என்றால் இதுதான்.

சட்டமும் எங்கள் பக்கம் இருக்கிறது. இனம், மதம், மொழி, சாதி, பால், அரசியற் கொள்கை, பிறப்பிடம் காரணமாகப் பாரபட்சம் காட்டலாகாது என்கிறது அரசியலமைப்பின் 12ஆம் உறுப்புரை. பெண்கள், பிள்ளைகள், மாற்றுவலுவுடையோரின் முன்னேற்றத்துக்கு விசேட ஏற்பாடு செய்யலாம் என்றும் அதே உறுப்புரை சொல்கிறது. மாற்றுவலுவுடையோரின் உரிமைகளைப் பாதுகாக்கும் 1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டம், கல்வி நிறுவனங்களில் அனுமதிக்கும்போது பாரபட்சம் காட்டுவதைத் தடை செய்கின்றது. பொதுக் கட்டடங்கள் அவர்கள் அணுகக்கூடியவையாக இருக்க வேண்டும் என 2006இல் ஒழுங்குவிதிகள் வந்தன. பகிடிவதையை 1998ஆம் ஆண்டின் 20ஆம் இலக்கச் சட்டம் குற்றமாக்கியுள்ளது. “சும்மா பகிடிக்குத்தான்” என்பது சட்டத்தின் முன் சாட்டு ஆகாது.

தாய்மார் என்ன செய்யலாம்?

பிள்ளைக்குக் கடிதம் வந்தால், அல்லது விண்ணப்பிக்க நினைத்தால், இவற்றை மனதில் வையுங்கள்.

1. வயது, திருமண நிலை, பாடத் தகைமை போன்ற நிபந்தனைகளை அந்தந்த ஆண்டின் வர்த்தமானி அறிவித்தலிலேயே பாருங்கள். பக்கத்து வீட்டார் சொன்னதைக் கேட்டு விண்ணப்பிக்காமல் விட்டவர்களைக் கண்டிருக்கின்றேன்.

2. பிள்ளையின் தேவையை மறைக்க வேண்டாம். அனுமதி கிடைத்தவுடன், கல்லூரிக்குப் போகுமுன், என்ன வேண்டும் என்று பீடாதிபதிக்கு ஒரு பக்கக் கடிதம் எழுதுங்கள். “உதவி செய்யுங்கள்” என்று பொதுவாக எழுதாமல், “கீழ்த்தளத்தில் அறை, கொமட் உள்ள கழிப்பறை” என்று குறிப்பிட்டு எழுதுங்கள். பிரதி ஒன்றை வைத்துக்கொள்ளுங்கள்.

3. வைத்திய அறிக்கைகளின் பிரதிகளையும், பிரதேச செயலகத்தின் சமூக சேவை உத்தியோகத்தரிடம் பெற்ற கடிதத்தையும் கூடவே அனுப்புங்கள்.

4. கல்லூரியில் பிள்ளை அவமதிக்கப்பட்டால் திகதியையும் நடந்ததையும் எழுதி வைக்கச் சொல்லுங்கள். முதலில் கல்லூரி நிர்வாகத்திடம் எழுத்தில் முறையிடுங்கள். தீர்வு இல்லையெனில் இலங்கை மனித உரிமைகள் ஆணைக்குழுவின் பிராந்திய அலுவலகத்துக்குப் போகலாம். யாழ்ப்பாணத்திலும் வவுனியாவிலும் மட்டக்களப்பிலும் அலுவலகங்கள் உண்டு. கட்டணம் இல்லை. அடிப்படை உரிமை மீறலுக்கு உயர் நீதிமன்றம் செல்ல ஒரு மாத காலமே உண்டு. ஆகவே தாமதிக்க வேண்டாம்.

5. கடைசியாக, எல்லாவற்றிலும் கடினமானது. உங்கள் பிள்ளை மற்றவரை ஒதுக்கும் பக்கத்தில் நிற்கவும் கூடும். விடுமுறைக்கு வரும்போது “ஆர் உன்ரை அறையிலை? எந்த ஆக்கள்?” என்று கேட்பதை நாங்கள் நிறுத்துவோம். “அந்தப் பிள்ளை சாப்பிட்டவளே?” என்று கேட்போம்.

கல்லூரிகளுக்குச் சொல்ல வேண்டியதும் பெரிதாக இல்லை. வகுப்புகளைக் கீழே இறக்குங்கள். முதல்நாள் தேவையைக் கேளுங்கள். தந்தையின் தொழிலைக் கேட்காதீர்கள். உட்படுத்தல் கல்வியைப் பாடமாகக் கற்பிக்கும் கட்டடத்தில் அதை நடைமுறையிலும் காட்டுங்கள்.

அந்தப் பிள்ளை இன்று ஆரம்பப் பிரிவு ஆசிரியை. கட்டுறு பயில்வுக் காலத்தில் அவளைப் பார்க்கப் போயிருந்தேன். மூன்றாம் தர வகுப்பில், காது மந்தமான ஒரு சிறுவனைப் பின்வாங்கிலிருந்து எழுப்பி முன்னுக்கு இருத்தியிருந்தாள். பேசும்போது அவன் தன் உதட்டைப் பார்க்கக்கூடியதாக முகத்தைத் திருப்பிக்கொண்டாள். எழுதும்போது மட்டும் பலகைப் பக்கம் திரும்பினாள், அப்போது பேசவில்லை. யாரும் அதைக் கவனிக்கவில்லை. அவளும் யாருக்கும் சொல்லவில்லை. அந்தச் சிறுவனை அவள் ஒரு தரமும் வகுப்பின் முன் அழைத்து “பாவம்” என்று சொல்லவில்லை.

அவளுடைய தாயை அண்மையில் சந்தையில் கண்டேன். ஊரில் இன்னொரு பிள்ளைக்குக் கடிதம் வந்திருக்கிறதாம், அதற்குக் கண் பார்வை குறைவாம், தாய் அனுப்பத் தயங்குகிறாராம். “நான் போய்க் கதைச்சனான் மிஸ். முதல் கடிதம் எழுதச் சொன்னனான். பெரிய எழுத்தில வினாத்தாள் வேணும் எண்டு எழுதச் சொன்னனான்” என்றார்.

எங்கள் அலுவலகத்திலிருந்து யாரும் போகுமுன் அவர் போய்விட்டிருந்தார். உங்கள் ஊரிலும் இப்படி ஒரு கடிதம் மடித்தபடி கிடக்கலாம். அந்த வீட்டுக்கு ஒரு நடை போய் வாருங்கள், சகோதரிகளே.